கோட்ஸ்வோல்ட் வயல்களின் குறுக்கே ஒரு பகல்

இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில், சிப்பிங் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி பாத் நகரத்தின் அபே தேவாலயத்தில் முடியும் கோட்ஸ்வோல்ட் வழி, சுமார் 164 கி.மீ. நீளமுள்ள தேசிய நடைபாதை. அதன் முதல் பகுதியை, ஸ்டான்டன் கிராமம் வரையிலான சுமார் 16 கி.மீ. தூரத்தை, ஒரே பகலில் நடந்து முடித்தேன்.

கேம்ப்டனின் கடைத்தெரு நடுவே, 1627இல் கட்டப்பட்ட சந்தை மண்டபம் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லில் இன்றும் நிற்கிறது. இடைக்காலக் கம்பளி வணிகத்தால் செழித்த ஊர் இது என்பதை இங்குள்ள பெரிய தேவாலயமே சொல்லிவிடும். ஊரைத் தாண்டியதும் வரும் டோவர்ஸ் ஹில் மேட்டில், ராபர்ட் டோவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த விளையாட்டு விழா இக்காலத்திலும் நடைபெறுகிறது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைத்து வீழ்த்துவதும் அதில் ஒரு போட்டியாம். கால்களை நம்பிப் புறப்பட்டவனுக்கு அந்தத் தகவல் அவ்வளவு உவப்பாக இல்லை.

என்னை மிகவும் வியக்க வைத்தது பாதை செல்லும் விதம்தான். மஞ்சள் அம்புக்குறியையும் ஓக் விதைச் சின்னத்தையும் பின்தொடர்ந்தால், பிறருக்குச் சொந்தமான கோதுமை வயலின் நடுவிலும் ஆட்டு மேய்ச்சல் நிலத்திலும் யாருடைய அனுமதியும் கேட்காமல் நடக்கலாம். பழங்காலம் முதல் மக்கள் நடந்து வந்த தடங்களை மாவட்ட நிர்வாகங்கள் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், அந்த வழிகள் உரிமையாக நிலைத்தன. வயலின் குறுக்கே செல்லும் பாதையை விவசாயி உழுது விட்டால், விதைப்புக்கான முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீராக்கித் தர வேண்டும். இடுப்பளவு பயிருக்கு நடுவே வகிடு எடுத்தாற்போல் நேராக ஓடிய தடத்தில் நடந்தபோது, அந்தச் சட்டத்தைக் காலடியிலேயே கண்டேன்.

வேலிகளில் உள்ள கதவுகளும் கவனிக்கத்தக்கவை. கதவைத் தள்ளி, அரைவட்டச் சட்டத்துக்குள் ஒதுங்கி நின்று, கதவைத் திருப்பிவிட்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். மனிதர் எளிதில் கடந்துவிடுவார்கள், ஆடுகளால் முடியாது. பெரிய முதுகுப்பையோடு வருபவர் மட்டும் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் திணற வேண்டியிருக்கும்.

312 மீட்டர் உயரமுள்ள குன்றின் மேல் பிராட்வே கோபுரம் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வயட்டின் வடிவமைப்பில் அழகுக்காகவே எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் விடுமுறைக்குத் தங்கியிருக்கிறார். அதன் அருகே நிலத்தடியில், அணுகுண்டு வெடிப்பைக் கண்காணிக்கப் பனிப்போர்க் காலத்தில் கட்டிய அறை ஒன்றும் இருக்கிறது. கீழே பிராட்வே கிராமத்தில் சுற்றுலாப் பயணிகளின் நெரிசல். தேநீர் அருந்தியதும் கிளம்பிவிட்டேன்.

ஸ்டான்டன் அதற்கு நேரெதிர். கடைத்தெருவும் இல்லை, கூட்டமும் இல்லை. நூற்றாண்டுகள் பழைய அதன் வீடுகள் தற்செயலாகப் பிழைக்கவில்லை: பஞ்சாலைகளைக் கட்டிப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் பிலிப் ஸ்டாட் 1906இல் இவ்வூர்ப் பண்ணையை வாங்கி, வீடுகளைச் செப்பனிட்டார். உணவு கிடைக்கும் சத்திரமோ ஊரின் மேல்கோடியில், செங்குத்தான ஏற்றத்தின் முடிவில் இருக்கிறது. குன்றிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த கால்கள் முறையிட்டன; பசி வென்றது, ஏறினேன்.