சொந்தத் திடல் இல்லாத குழுக்கள்: சிங்கப்பூரின் காற்பந்து அரங்குகள்

சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஆடும் எந்தக் குழுவுக்கும் சொந்தமாக ஓர் அரங்கம் கிடையாது. எல்லாக் குழுக்களும் அரசு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூர் பராமரிக்கும் வட்டார அரங்குகளில் வாடகைக்குக் குடியிருப்பவையே. நிலம் அரிதான தீவில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ஏற்பாடு எத்தனை விசித்திரங்களைப் பெற்றெடுத்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேலாங் என்று பெயர் வைத்திருக்கும் குழு பல ஆண்டுகள் பிடோக்கில் ஆடியது. பிறகு தெம்பனிசுக்குக் குடிபெயர்ந்து அவ்வூர்க் குழுவோடு ஒரே திடலைப் பங்குபோட்டுக் கொண்டது. தஞ்சோங் பகார் யுனைடெட் மீண்டும் லீக்கிற்கு வந்தபோது அதற்குக் கிடைத்த இடம், தஞ்சோங் பகாரிலிருந்து ஒன்பது ரயில் நிலையங்கள் தள்ளியிருக்கும் ஜூரோங் ஈஸ்ட். அங்கே ஏற்கெனவே ஜப்பானிலிருந்து வந்த அல்பிரெக்ஸ் நீகாட்டா குடியிருந்தது. பெயரில் ஓர் ஊர், ஆட்டத்தில் வேறோர் ஊர்.

வட்டார அரங்குகளில் பலவும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒரு பக்கம் கூரை வேய்ந்த பார்வையாளர் மாடம், திடலைச் சுற்றி ஓடுதளம், மூலைகளில் விளக்குக் கம்பங்கள், வேலிக்கு அப்பால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள். விடியற்காலையில் அந்த ஓடுதளம் முதியவர்களின் நடைப்பயிற்சிக்குரியது; மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குரியது; வாரத்தில் ஓர் இரவு மட்டுமே காற்பந்துக்குரியது. இதனால் பார்வையாளருக்கும் பந்துக்கும் இடையில் எப்போதும் ஒரு செந்நிற இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி ஆரவாரம் திடலை எட்டுவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. இன்னொன்று மின்னல். இடிமேகம் நெருங்கியதும் எச்சரிக்கை ஒலி எழும். நடுவர் இரு அணியினரையும் உள்ளே அனுப்பிவிடுவார். கோப்பியைக் கையில் ஏந்தியபடி, ஆட்டம் தொடருமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதும் நுழைவுச்சீட்டின் விலைக்குள் அடங்கியதுதான்.

என் மனத்துக்கு நெருக்கமானது ஜாலான் புசார். 1929இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில்தான் மலாயாக் கிண்ண (பின்னாளில் மலேசியக் கிண்ணம்) ஆட்டங்கள் ஊரையே இழுத்தன. ஜப்பானியர் ஆட்சிக்காலம் தொடங்கிய 1942இல், சூக் சிங் படுகொலைக்கு முன்பு சீன ஆடவர்களை நிறுத்திச் சோதித்த இடங்களில் அதுவும் ஒன்று என்பதை, இன்று அங்கே பந்து பார்க்க வரும் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2003இல் செயற்கைப் புல்லுடன், சுமார் 6,000 இருக்கைகளுடன் புதிய அரங்கம் எழுந்தது. சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடக்கூடிய தொலைவு என்பதால் நம்மவர்களுக்கு அது எப்போதும் கைக்கெட்டிய அரங்கம்.

காலாங்கின் கதை வேறு. 1973 ஜூலையில் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த பழைய தேசிய அரங்கம் ஏறத்தாழ 55,000 பேரைக் கொள்ளக்கூடியதாக இருந்தது. அதைக் கட்டப் பணம் திரட்டுவதற்காகவே 1969இல் சிங்கப்பூர் ஸ்வீப் என்ற பரிசுச்சீட்டு தொடங்கப்பட்டது. குலுக்கலில் காசை விட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு செங்கல் கொடுத்திருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1976 முதல் 1982 வரை காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த வழக்கறிஞர் நா. கணேசனின் காலத்தில், ராஜகோபாலின் வளைந்து செல்லும் உதைகளையும் சமது அல்லாப்பிச்சையின் தடுப்பாட்டத்தையும் காணக் கூட்டம் அலைமோதியது. காலாங் முழக்கம் என்று இன்றும் பெரியவர்கள் பேசிக்கொள்வது அந்தச் சத்தத்தைத்தான். ஆனால் 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற இரண்டு இறுதியாட்டங்களும் நடந்தது காலாங்கில் அல்ல, கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்தில்.

அந்தப் பழைய அரங்கம் 2007இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியால் கட்டுமானம் தள்ளிப்போக, புதிய அரங்கம் 2014இல்தான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தேசிய அணி பெரும்பாலும் ஜாலான் புசாரில் ஒண்டிக் குடித்தனம் நடத்தியது. அந்தக் காலம்தான் எனக்கு இனிக்கிறது என்றால் சிலர் கோபிக்கக்கூடும். ஆனால் 2012 டிசம்பரில் தென்கிழக்காசிய வெற்றியாளர் போட்டியின் இறுதிச்சுற்றில், முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 3-1 என்று வீழ்த்தியது அந்தச் சின்ன அரங்கில்தான். பாங்காக்கில் 0-1 என்று தோற்றும் கிண்ணம் நமக்கே வந்தது. மறு ஆண்டு, மலேசியாவில் ஆடச் சிங்கப்பூர் அனுப்பிய லயன்ஸ்12 அணி மலேசிய சூப்பர் லீக்கை வென்றதும் அந்தத் திடலைத் தாயகமாகக் கொண்டுதான். நிரம்பி வழியும் 6,000 இருக்கைகள், முக்கால்வாசி காலியாகக் கிடக்கும் 55,000 இருக்கைகளைவிட எதிரணியை நிச்சயமாக அதிகம் அச்சுறுத்தும்.

புதிய தேசிய அரங்கத்தைக் குறைசொல்ல மனமில்லை. 310 மீட்டர் அகலக் குவிமாடம், மூடித் திறக்கும் கூரை, ஓடுதளத்தை மறைத்து முன்னே நகர்ந்து வரும் இருக்கைகள் என எல்லாமே பிரமிப்பூட்டுபவை. திறந்த ஆண்டிலேயே பிரேசிலும் ஜப்பானும் மோதிய ஆட்டத்தில் புல்லைவிட மணல் அதிகம் தெரிந்ததும், அதிலேயே நெய்மார் நான்கு கோல்கள் போட்டதும் தனிக்கதை.

தெம்பனிஸ் ரோவர்சின் அனுபவம்தான் வாடகை வாழ்க்கையின் உச்சம். பழைய தெம்பனிஸ் அரங்கம் இடிக்கப்பட்டதால், தீவின் கிழக்கே பிறந்த குழு மேற்கே கிளமெண்டிக்கும் பிறகு ஜூரோங் வெஸ்ட்டுக்கும் அலைந்தது. வீடில்லாத அந்த 2012, 2013 ஆண்டுகளிலும் லீக் பட்டத்தை வென்றது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 2017இல் நமது தெம்பனிஸ் நடுவம் திறந்தபோது, நூலகம், உணவங்காடி நிலையம், நீச்சல் குளங்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஏறத்தாழ 5,000 இருக்கைகளுடன் ஒரு திடல் கிடைத்தது. மீன் சூப்பு வாங்க வந்தவர் கோல் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பது போன்ற காட்சிகள் அங்கே இயல்பானவை. வட்டார அரங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஆனால் சுமார் 6,000 இருக்கைகளுக்கும் 55,000 இருக்கைகளுக்கும் இடையில் இந்த நாட்டில் காற்பந்து அரங்கம் ஒன்றுமே இல்லை. அதன் விலையை 2025 மே 18 அன்று பார்த்தோம். லயன் சிட்டி செய்லர்ஸ், ஆசிய வெற்றியாளர் லீக்கின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தைச் சொந்த நாட்டிலேயே ஆடும் வாய்ப்பைப் பெற்றது. சிங்கப்பூர்க் குழு எதுவும் அதுவரை எட்டாத உயரம் அது. அதே நாளில் தேசிய அரங்கத்தில் லேடி காகாவின் இசை நிகழ்ச்சி. எனவே ஆட்டம் பீஷான் வட்டார அரங்கத்துக்குப் போனது. தற்காலிக இருக்கைகளைச் சேர்த்தும் 10,000 பேருக்குச் சற்றுக் குறைவாகவே உள்ளே அமர முடிந்தது. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவிடம் 1-2 என்று, அதுவும் காயநேரத்தில் விழுந்த கோலால் தோற்றோம். தோல்வி ஆட்டத்தில் சகஜம். வெளியே நின்றவர்களுக்காகத்தான் கேட்கிறேன்: 15,000 அல்லது 20,000 பேர் அமரக்கூடிய, ஓடுதளம் இல்லாத ஒரே ஒரு நடுத்தர அரங்கத்தை, வேறு எதற்கும் வாடகைக்கு விடாமல் காற்பந்துக்கென்றே கட்ட இன்னும் எத்தனை இறுதியாட்டங்கள் தேவைப்படும்?