அஷ்டமி நவமித் தண்ணீர்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்காத வருடம் இல்லை. அஷ்டமி, நவமி என்று அச்சான தாள் வந்தால் அம்மா எந்த நல்ல காரியத்தையும் தொடங்கமாட்டார். 2006-இல் பினாங்கின் பத்து மாவுங் படகுத்துறையில் ஒரு வாடகைத் தூண்டில் படகில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. வரச்சொன்ன நாள் அஷ்டமி. "இன்றைக்கு வேண்டாம் ஐயா, நாளைக்கும் வேண்டாம். தசமியன்று போய்ச் சேர்ந்துகொள்" என்றார் அம்மா. வேலை கை நழுவிவிடும் என்ற பயத்தில் நான் கிளம்பிவிட்டேன்.

படகின் தெக்கோங், அதாவது படகை நடத்துபவர், ஒரு மலாய்க்காரர், தெலுக் கும்பார்வாசி. அவரை எல்லோரும் பாக் லாங் என்றுதான் கூப்பிடுவோம். நங்கூரக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல நாளில் வந்திருக்கிறாய். பிறை எட்டு. தண்ணீர் சாகத் தொடங்கும்" என்றார். அம்மா எந்த நாளுக்குப் பயந்தாரோ, அதே நாள் இவருக்கு நல்ல நாள்.

ஆயிர் மாத்தி, அதாவது செத்த தண்ணீர் என்று அவர்கள் சொல்வது ஏற்றமும் வற்றமும் மிகக் குறைந்துவிட்ட நாட்களை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பினாங்கில் கடல் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். அது பெரிய தண்ணீர். அரைநிலா நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. அதுவும் அரைநிலாவன்றே தண்ணீர் சாவதில்லை. ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் சாகும். அதனால் அஷ்டமியைவிட நவமி, தசமி இன்னும் நல்லது. இந்தக் கணக்கு என் மண்டையில் ஏற ஒரு வருடம் ஆனது. கையில் ஏறுவதற்கு அதற்கும் மேலே ஆனது.

கையில் என்று நான் சொல்வது ஈயக் குண்டை. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள கடல் ஆழம் குறைந்தது, சேறு நிறைந்தது. பெரிய தண்ணீர் நாட்களில் அந்தக் குறுகிய வழியில் முழு நீரிணையும் முண்டியடித்துக்கொண்டு ஓடுவது போல இருக்கும். ஈயத்தை இறக்கினால் அது தரையில் உட்காராது; இழுத்துக்கொண்டே போகும், கூடவே இரையும் போகும். செத்த தண்ணீரிலோ சின்ன ஈயம்கூட நேராக இறங்கி உட்காரும். அது எதன்மேல் உட்கார்ந்தது என்பதை தூண்டில் நரம்பைப் பிடித்திருக்கும் ஆள்காட்டி விரல் சொல்லிவிடும். சேறு என்றால் சத்தமே வராது. தூக்கும்போது ஒரு கணம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு பிறகு விடும். மணல் என்றால் மெல்லிய உரசல். பாறை என்றால் விரல் நுனியில் ஒரு தட்டு. பாக் லாங் என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு ஈயத்தை இறக்கச் சொல்வார். சரியாகச் சொல்லும்வரை துண்டை அவிழ்க்கமாட்டார்.

உயிர் இறால் கோப்பதையும் அப்படியே கற்றுக்கொண்டேன். இறாலின் தலைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். தூண்டில் முள் அதற்கு முன்னால், கொம்புக்கு அடியில் ஏற வேண்டும். புள்ளியில் முள் பட்டால் இறால் உடனே செத்துவிடும். படாமல் ஏற்றிவிட்டால் நீரில் நெடுநேரம் உதைத்து நீந்தும். அந்த உதைப்பைப் பார்த்துத்தான் சியாக்காப் வரும், நம் ஊர்ப் பெயரில் கொடுவா. வாடிக்கையாளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவசரத்தில் புள்ளியில் குத்திவிடுவார்கள். அவர்களுக்குப் பொறுமையாகக் கோத்துக் கொடுப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எங்கள் படகில் மூன்று நாள்காட்டிகள் இருந்தன. பாக் லாங் இஸ்லாமிய மாதப் பிறைக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தார். படகின் பங்குதாரர் ஒரு சீனர். அவர் சீன மாதத் தேதியைப் பார்ப்பார். நான் அம்மாவின் நாள்காட்டியிலிருந்து திதியைக் குறித்துக்கொண்டு வருவேன். ஒருநாள்கூட எங்கள் மூவருக்கும் தண்ணீரைப் பற்றி வாக்குவாதம் வந்ததில்லை. பிறை எட்டு, சீன எட்டாம் நாள், வளர்பிறை அஷ்டமி எல்லாம் ஒரே நிலாதானே. அதைச் சொன்னபோது பாக் லாங் என் தோளில் தட்டி, "அப்படியானால் உன் அம்மாவும் தெக்கோங்தான்" என்றார்.

இந்தத் தொழிலின் மிகப் பெரிய சங்கடம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. மக்களுக்கு விடுமுறை கிடைப்பது பெரிய தண்ணீர் நாட்களில். தைப்பூசம் பௌர்ணமியில் வருகிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் புத்தாண்டும் ஹரி ராயா நோன்புப் பெருநாளும் புதுப்பிறையில் வருகின்றன. ஊரே விடுமுறையில் இருக்கும் நாட்களில் கடல் தலைதெறிக்க ஓடுகிறது. தொலைபேசி ஓயாமல் அடிக்கும், "அண்ணே, தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்திருக்கிறோம், நாளைக்குப் படகு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். ஹாஜிப் பெருநாள், அதாவது பக்ரீத், மட்டும் பிறை பத்தில் வருகிறது. அந்த ஒரு விடுமுறைக்காக நாங்கள் வருடம் முழுவதும் காத்திருப்போம்.

பெரிய தண்ணீர் நாட்களில் படகைக் கட்டிப்போட்டுவிடுவோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு ஆழத்துக்குப் போவதில்லை, அவ்வளவுதான். ஏறும் தண்ணீரோடு ஆற்று வாய்க்கும் சேற்றுத் திட்டுக்கும் செனாங்கின் வரும். அதுதான் காலா மீன். கொடுவாவும் வரும். கரையோரத்தில், ஜெரெஜாக் தீவின் மறைவில் நின்று பிடிக்கலாம். (கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் நோய்க்குப் பயந்து தனிமைப்படுத்தப்பட்ட தீவு அது. வயதானவர்கள் படகில் இருந்தால் நான் இதைச் சொல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. சிலர் தூண்டிலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.) களவா, ஜெனாஹாக், பெரிய திருக்கை வேண்டும் என்றால் கெண்டித் தீவைத் தாண்ட வேண்டும், அதற்குச் செத்த தண்ணீர் வேண்டும். கரையா, ஆழமா என்பதை நிலா முடிவு செய்யும்.

நிலா சொல்லாதது காற்றை.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும். அங்கே ரொம்பினில் படகுகள் ஓய்ந்துவிடும். எங்களுக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் முழுத் தீபகற்பமும் மலையும் நிற்கின்றன. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்குக் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருக்கும். தெங்கிரிக்கு, அதாவது வஞ்சிரத்துக்கு, அலையும் காலம் அது. நீரிணை நடுவே ஒற்றைப் பாறையாக நிற்கும் பேராக் தீவுவரை இரவு தங்கிப் போய் வருவோம். மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை கதை வேறு. சுமத்ரா பக்கம் இரவில் திரளும் மேகம் விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும். மேற்கே ஒரு கறுப்பு வளைவு தெரியும். புழுக்கம் திடீரென்று குளிராக மாறும். அந்தக் குளிர் முகத்தில் பட்டால் நூல்களை எல்லாம் சுருட்ட உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

2013-இல் கூடுதல் சம்பளத்துக்காக வேறொரு படகில் சில மாதங்கள் வேலை செய்தேன். ஆகஸ்டு மாதம், சனிக்கிழமை. பிறை பத்து, அருமையான தண்ணீர். ஆனால் முதல்நாள் மாலையே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுத்திருந்தது: காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர்வரை. கிள்ளானிலிருந்து ஏழு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பித் தர உரிமையாளருக்கு மனம் இல்லை. "எச்சரிக்கை எப்போதும் அப்படித்தான் போடுவார்கள்" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கடலடியில் போட்டிருக்கும் செயற்கைப் பாறை ஒன்றின்மேல், துக்குன் என்பார்கள், இரவு நங்கூரம் போட்டோம். ஐந்து மணிக்குக் காற்று வந்தது. நங்கூரம் கான்கிரீட்டில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. ஒவ்வொரு அலைக்கும் படகு எழப் பார்த்தது. கயிறு மூக்கைப் பிடித்து நீருக்குள் இழுத்தது. இரண்டாவது அலை முன்தளத்தைத் தாண்டி உள்ளே விழுந்தபோது, பாராங் கத்தியை எடுத்துத் தவழ்ந்து முன்னால் போனேன். விறைத்திருந்த கயிறு, கத்தி பட்டதும் துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. படகு நிமிர்ந்தது. அந்த உலுக்கலில் கீழே விழுந்த பெரியவர் ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. திரும்பும் வழி முழுவதும் அவர் கையை என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். "பரவாயில்லை தம்பி, உயிரோடு கொண்டுவந்தாயே" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. மாதக் கடைசியில் நங்கூரம், சங்கிலி, கயிறு மூன்றுக்கும் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்றே விலகி, பாக் லாங்கிடம் திரும்பிப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

2016-இல் முழங்கால் வலி தாங்காமல் அவர் ஓய்வெடுத்தபோது, தம் பங்கைத் தவணையில் எனக்கே விற்றார். நான் வைத்த முதல் விதி முன்பணத்தைப் பற்றியது. காற்று சரியில்லை என்று நான் சொல்லி நின்றால், ஒரு ரிங்கிட் குறையாமல் திரும்பும். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கையில் வாங்கியிருந்த முன்பணத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். பல மாதங்கள் மீன் சந்தையில் மூட்டை தூக்கினேன். அப்படிப் பணம் திரும்பக் கிடைத்தவர்களில் பலர் இன்றைக்கும் என் படகைத்தான் தேடி வருகிறார்கள்.

அம்மா இப்போதும் நாள்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்கிறார். "நாளைக்கு நவமி. உனக்கு ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்பார். வீட்டுக் காரியங்களில் அவருடைய பழைய விதி மாறவில்லை. என் படகுக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறார். மாசி மகத்தன்று தெலுக் பஹாங்கில் அம்மன் கோயில் மிதக்கும் தேர்களைக் கடலில் விடுவதைப் பார்க்க அவரை அழைத்துப் போவேன். விளக்கோடு தேர் தண்ணீரில் நகரும்போது, "பௌர்ணமியாச்சே, இழுப்பு அதிகமாக இருக்குமே" என்று பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் கவலையோடு சொல்கிறார்.

எனக்கு இப்போது கவலை தெற்குக் கரையைப் பற்றித்தான். அங்கே மூன்று தீவுகள் உருவாக்கும் திட்டம் 2023-இல் ஒரே தீவாகக் குறைந்தது. அந்த ஒன்றின் பரப்பு 2,300 ஏக்கர். அதே ஆண்டு செப்டம்பரில் மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். பாக் லாங் என் கண்ணைக் கட்டி ஈயம் இறக்கச் சொல்லித்தந்த இடங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கரையின் உருவம் மாறினால் ஓட்டத்தின் பாதையும் மாறும். எந்த நாள்காட்டியிலும் அது அச்சாகி வராது. மண் நிரப்பும் இடத்தைச் சுற்றிப் போகும்போது என் பழைய குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த இடங்களைப் புதிதாக அளந்து வருகிறேன்.

போன மாதம் தசமியன்று தங்கை மகனை முதல் முறையாக வேலைக்கு அழைத்துப் போனேன். பதினெட்டு வயது. வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும். குறிப்பேட்டில் மணல் என்று நான் எழுதிவைத்திருந்த ஓர் இடத்தில் படகை நிறுத்தி, துண்டால் அவன் கண்ணைக் கட்டினேன். ஈயம் இறங்கியது. விரலை நரம்பில் வைத்துக்கொண்டு அவன் நெடுநேரம் பேசவில்லை. மெல்லத் தூக்கினான், மறுபடி இறக்கினான்.

"சேறு மாமா" என்றான்.

என்னிடம் கொடு என்று நரம்பை வாங்கி, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.