ஏழாவது குழியில் ஆறு

"எத்தனை தம்பி?"

"ஆறு சார்."

"சரி."

நடந்தது இவ்வளவுதான். 2018 அக்டோபரில், சீனாவில், ஷென்ஜென் மிஷன் ஹில்ஸ் கோல்ஃப் மைதானத்தில், ஏழாவது குழியை முடித்துவிட்டு வண்டியில் ஏறும்போது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்காரக் காரணம், போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற கணக்கு, போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன், "நாம சொல்றதுதான்டா கணக்கு, அதனால சரியா சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த "ஆறு" ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டேன். செக்‌ஷன் நம்பர் மறந்துவிட்டது என்று பையன் நினைத்திருப்பான்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு சி.எச்.ஏ. ஆபீஸில், அதாவது மற்றவர்கள் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக்கொடுக்கிற ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். 2013-லேயே கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பேரை மாற்றிவிட்டார்கள், பாரிமுனையில் இன்னும் எல்லோரும் சி.எச்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். என்னிடம் ஜி கார்டு இருக்கிறது, கையெழுத்துப் போடலாம். நான் "சார்" என்றது எங்கள் பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர் ஒருவரை; பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் இறக்குபவர். கஸ்டம்ஸ் பட்டியலில் மெஷின் 8477, அச்சு 8480, இரண்டும் ஒரே கன்டெய்னரில் வந்தால் எதை எங்கே காட்டுவது என்று அதற்கு முந்தைய சரக்கில் பெரிய தலைவலி ஆகிவிட்டது. "நேர்லயே வந்து பார்த்துட்டு சொல்லிடுங்க" என்று கூப்பிட்டார். எங்கள் முதலாளிக்கு முட்டி வலி, அதனால் நான் போனேன். பாஸ்போர்ட் எடுத்து நாலு வருஷம் ஆகியும் அதில் ஒரு ஸ்டாம்பு கூட விழுந்ததில்லை.

ஃபேக்டரி வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. மறுநாள் ஞாயிறு, சப்ளையர் தன் மேனேஜரை அனுப்பி எங்களைக் கோல்ஃபுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்தது நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது வேலிக்கு அந்தப்பக்கம் தெரியும் பச்சை. சென்னைக்குள் நந்தனம், கிண்டி என்று இரண்டு மைதானம் கேள்விப்பட்டிருக்கிறேன், பாலத்துக்கு இந்தப்பக்கம், வடசென்னையில், நமக்கு ஏது? வியாசர்பாடிக்கு ஃபுட்பால், எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைக்குக் கேரமும் தெரு கிரிக்கெட்டும். குழியில் ஒன்றைத் தள்ளி ஆடியது என்றால் கோலி.

அங்கே பன்னிரண்டு மைதானம் இருக்கிறது. ஒரே இடத்தில், 216 குழி. பத்து இருந்தபோதே, 2004-இல், உலகத்திலேயே பெரியது என்று கின்னஸில் போட்டுவிட்டார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்டக்காரர் பேர். அதில் ஒன்று விஜய் சிங். பிஜியில் பிறந்தவர், டைகர் உட்ஸைத் தாண்டி உலக முதலிடத்துக்கு வந்தவர். பார்ட்டிக்கு அதைப் பார்த்ததும் ஒரே குஷி, "நம்மாளு பேர்ல ஒண்ணு இருக்கு பாருங்க தம்பி" என்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். சென்னையில் கொஞ்சம் ஆடிப் பழகியவர், அதில் ஆட அவருக்கு ரொம்ப ஆசை. ஆனால் மட்டையே பிடிக்காத ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு பெரிய மைதானத்தில் இறங்கினால் பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள் என்று மேனேஜர் சொன்னதும், ஜாங் லியன்வெய் பேரில் இருக்கிற சின்ன மைதானத்துக்குச் சம்மதித்தார். அதில் எல்லாக் குழியையும் மூன்று தடவை அடித்து முடிக்க வேண்டும் என்று கணக்கு. ஒரே அடியில் குழியைச் சுற்றி இருக்கிற பச்சைக்குப் போய், இரண்டு தட்டில் குழியில் போட வேண்டும். பதினெட்டுக்கும் சேர்த்து 54.

எனக்காக விஜய் சிங்கை விட்டுக்கொடுத்தார் என்பதை நான் இங்கே சொல்லிவிட வேண்டும். அது என் பக்கத்துக்கு நியாயமா எதிராகவா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாக வராது.

முதல் குழியில் நான் அடித்த பந்து பத்தடி உருண்டது. "ட்ரயல்ஸ் தம்பி, திருப்பி அடிங்க" என்றார். தெரு கிரிக்கெட்டில் முதல் பந்து ட்ரயல்ஸ் என்பது மாதிரியே இதிலும் இருக்கிறது, நண்பர்களுக்குள் ஆடும்போது விட்டுக்கொடுப்பார்களாம். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்றாவது குழியில் பந்து தண்ணீரில் போனபோது எனக்கு மட்டை எடுத்துக் கொடுக்க வந்த பெண், கேடி என்பார்கள், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீரில் விழுந்தால் தண்டம் ஒன்று சேரும். எங்களுக்குள் இருந்த பாஷையே விரல்தான், அவளுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை, எனக்குச் சீனம் சுத்தம். ஆகவே ஏழாவதுக்கு வரும்போது தண்டக் கணக்கு எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க வழியில்லை.

ஏழாவதில் முதல் அடி தண்ணீர். பந்தை வெளியே வைத்து அடித்தேன், மறுபடி தண்ணீர். மூன்றாவது முறை அடித்தது தாண்டி ஓரத்தில் நின்றது. அங்கேயிருந்து பச்சைக்கு ஒன்று, அப்புறம் இரண்டு தட்டு. மட்டை பந்தில் பட்டது ஆறு தடவை. தண்டம் இரண்டு. மொத்தம் எட்டு.

நான் "ஆறு" என்றேன்.

எண்ணிப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆறு தடவைதானே அடித்தேன்? ரொம்ப நாள் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலே என்ன வேடிக்கை என்றால், இந்த வாதத்தை நான் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் ஆபீஸை விட்டே துரத்தியிருப்பேன். ஒரு பார்ட்டி எஃப்.ஓ.பி. விலையை, அதாவது கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேராத விலையை மட்டும் சொல்லிவிட்டு "சரக்கோட விலை இதுதானே சார், நான் என்ன பொய்யா சொன்னேன்" என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான். டியூட்டி சி.ஐ.எஃப். மேலே. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்தால்தான் விலை. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று தெரியாவிட்டால் 1.125 சதவீதம், கூலி தெரியாவிட்டால் 20 சதவீதம் போட்டுக்கொள்ளச் சொல்லி விதியே இருக்கிறது, தெரியாது என்று யாரும் விட்டுவிட முடியாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஒரு புல்வெளியில் நின்று எஃப்.ஓ.பி. சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பதில் வருகிறது. பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார், எட்டு என்று சொன்னால் இவனைப் போய்க் கூட்டி வந்தோமே என்று நினைப்பார். அவர் அந்தக் குழியில் ஐந்து. ஐந்துக்குப் பக்கத்தில் ஆறு என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும், எட்டு என்றால் கோமாளி. கடைசியாகச் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டே என்று தோன்றுகிறது, ஆனால் இதையும் இன்றைக்குத்தான் சொல்கிறேன், அடுத்த மாசம் வேறு சொல்வேனோ என்னவோ. சின்ன வயதில் எங்கள் தெருவில் இப்படி ஆடினால் அழுகுணி ஆட்டம் என்று சொல்லி ஒரு வாரம் சேர்க்க மாட்டார்கள். அங்கே கத்த ஆள் இருந்தது. இங்கே அம்பயரே கிடையாது, கேட்டது ஒருத்தர், அவரும் "சரி" என்றுவிட்டார்.

அந்த "சரி"தான் பிரச்சினை. சாதாரணமான சரியா, பார்த்துவிட்டுச் சொன்ன சரியா? நான் தண்ணீரில் விட்ட நேரத்தில் அவர் முன்னால் நின்று மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தார், முகம் அந்தப்பக்கம். ஆனால் பந்து தண்ணீரில் விழுந்தால் சத்தம் வரும். இரண்டு தடவை வந்தது.

ஆறு மாதம் கழித்து போன் வந்தது. அடுத்த சரக்கு கிளம்பப் போகிறது. "தம்பி, இன்வாய்ஸ் ரெண்டு வரும். சின்னதைப் போட்டுடுங்க. உங்ககிட்ட விளக்கிச் சொல்லணும்னு இல்ல, நீங்க புரிஞ்சுக்கிற ஆளு."

அதற்கு முன்னால் ஐந்து வருஷம் அவருடைய பேப்பரைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கூட இப்படிக் கேட்டதில்லை. புரிந்துகொள்கிற ஆள் என்று என்னை எங்கே வைத்துக் கண்டுபிடித்தார்? ஏழாவது குழியைத் தவிர எனக்கு வேறு இடம் தெரியவில்லை. ஒருவேளை அவருக்குப் பணமுடை, யாராக இருந்தாலும் கேட்டிருப்பார், அந்த வார்த்தையும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான் என்றும் இருக்கலாம். பாரிமுனையில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு பேரிடம் இதைச் சொல்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், போனில் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்றேன். முதலாளியிடம் போய் விலை இடிக்கிறது என்று பேப்பரை நீட்டினேன், போன் வந்ததைச் சொல்லவில்லை. அவர் பழைய சரக்கின் விலையோடு வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார், "இதுல நம்ம கையெழுத்து வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார். பார்ட்டி வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார். அங்கே எந்த இன்வாய்ஸ் போட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மாசம் நாலைந்து கன்டெய்னர் வந்துகொண்டிருந்த பார்ட்டி, அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த, ஜி கார்டுக்குக் கீழே எச் கார்டு வைத்திருந்த பையன் ஒருத்தன் இரண்டு மாசம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு தானாகவே வேறு இடம் தேடிப் போனான். காசிமேட்டுப் பையன், நல்ல வேலைக்காரன், ஹார்பர் ஜீரோ கேட்டில் டிரெய்லர் எங்கே மாட்டியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வான்.

ஆபீஸில் எல்லோரும் நான் நேர்மையாக நின்றேன் என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. பெரிய விஷயத்தில் சரியாகத்தான் நடந்தோம், விளையாட்டில் இரண்டு அடி குறைத்ததைப் போய் யாராவது பாவக் கணக்கில் எழுதுவார்களா என்று நினைத்தால் மனசு லேசாகிவிடுகிறது. அப்புறம் உடனே, அன்றைக்கு எட்டு என்று சொல்லியிருந்தால் அந்த போனே வந்திருக்காதோ, பையன் இங்கேயே இருந்திருப்பானோ என்று தோன்றுகிறது. அதுவும் சரியில்லை. எட்டு என்று சொன்ன ஆளிடம் கேட்க முடியாது என்று அவர் நேராக வேறு ஆபீஸுக்கே போயிருக்கலாம், பையன் எப்படியும் போயிருப்பான்.

ஒரு நாள் சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது மொபைலில் ராபர்ட்டோ டி விசென்சோ என்பவரைப் பற்றிப் படித்தேன். அர்ஜென்டினாக்காரர். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், பதினேழாவது குழியில் மூன்றில் முடித்தார். அவருடைய அடிக் கணக்குக் கார்டை எழுதிய இன்னொரு ஆட்டக்காரர் நாலு என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு, கூடுதலாக எழுதியிருந்தாலும் அதுவே கணக்கு, 65 அடித்தவருக்கு 66. அந்த ஒன்றால், சமமாக முடித்தவர்கள் மறுபடி ஆடும் பிளேஆஃப் ஆடுகிற வாய்ப்பே போய்விட்டது. டிவியில் லட்சக்கணக்கான பேர் மூன்று என்று பார்த்திருந்தும் பிரயோஜனமில்லை. எங்களுக்காவது கஸ்டம்ஸ் சட்டத்தில் 149-ஆவது செக்‌ஷன் இருக்கிறது, பேப்பரில் ஆதாரம் இருந்தால் திருத்தம் கேட்கலாம். அவருக்கு அதுவும் இல்லை. தனக்கு எதிராக இருக்கிற தப்பைத்தான் ஒருவன் பார்க்காமல் கையெழுத்துப் போடுவான், சாதகமாக இருப்பதை நாம் எல்லோரும் நன்றாகப் பார்த்துத்தான் போடுகிறோம். ரயிலைத் தவறவிட்டது அன்றைக்குத்தான்.

2011-இல், சரக்கை இறக்குபவரே டியூட்டியைக் கணக்குப் போட்டுச் சொல்கிற செல்ஃப் அசெஸ்மென்ட் வந்தபோது எங்கள் தெருவில் பெரியவர்கள் சிரித்தார்கள், திருடன் கையில் சாவியா என்று. இப்போது பல பில்களை அதிகாரி கண்ணாலேயே பார்ப்பதில்லை, நாம் சொன்னதை சிஸ்டம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறது. சிஸ்டம் "சரி" என்றால் அது பார்த்துவிட்டுச் சொன்ன சரியா இல்லையா என்பது அப்புறம் ஆடிட்டில்தான் தெரியும், சில சமயம் வருஷக்கணக்கில் ஆகும்.

கார்டு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. நான் ஆறு என்று சொன்னது பார்ட்டியிடம், தமிழில். கார்டை எழுதியது கேடி பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, நான் விரலும் காட்டவில்லை. அவள் பாட்டுக்கு, தான் பார்த்ததை எழுதியிருப்பாள்.

அதற்கப்புறம் பதினொரு குழியிலும் நான் தண்டத்தோடு சேர்த்தே சொன்னேன். பதின்மூன்றாவதில் "ஒன்பது சார்" என்று சத்தமாகவே சொன்னேன், அவர் சிரித்தார். ஒவ்வொன்றாக மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன், தொழில் புத்தி. முடிவில் என் கணக்கு தொண்ணூற்றேழு, ஏழாவதுக்கு ஆறு என்று வைத்து.

சாப்பாட்டு மேஜையில் அவர் கார்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தொண்ணூத்தொன்பது. நூறைத் தொடாம தப்பிச்சிட்டீங்க தம்பி" என்று என் தோளில் தட்டினார்.