ஒரே வீடு, இரண்டு விதச் சம்பளம்: 2025 ஷட்டவுனை நாங்கள் கடந்த விதம்

வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நம்மவர்களில் நிறையப் பேர் ஏதோ ஒரு வகையில் மத்திய அரசை நம்பித்தான் பிழைக்கிறோம். எங்கள் வீட்டில் அது இரட்டிப்பு. கணவர் அரசின் நேரடி ஊழியர், வானிலை சம்பந்தப்பட்ட வேலை. நான் வேறொரு துறைக்கு மென்பொருள் சோதனை செய்யும் கான்ட்ராக்டர். அந்தத் துறைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கம்பெனிகள் உண்டு. ஒப்பந்தம் எடுத்த பெரிய கம்பெனியை பிரைம் என்பார்கள். அதன் கீழே, எனக்குச் சம்பளம் போடும் சிறிய கம்பெனி சப். 2025 அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 12 வரை, 43 நாள் நடந்த ஷட்டவுனில், அதாவது அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கியதில், எங்கள் இரண்டு சம்பளமும் நின்றன. அதில் ஒன்றுதான் திரும்பி வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

திருச்சியில் இருக்கும் மாமனார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கச் சம்பளம் நிற்கும் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. “ஏம்மா, கஜானா காலியாயிடுச்சா?” என்று கேட்டார். “பணம் இருக்கு மாமா, எடுத்துக் கொடுக்க அனுமதிதான் இல்லை” என்றேன். இங்கே நிதியாண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதற்குள் இங்கத்திய நாடாளுமன்றமான காங்கிரஸ் செலவு மசோதாவை நிறைவேற்றாவிட்டால், ஒதுக்கீடு இல்லாத துறை ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது. இந்தச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ரொம்ப காலம் அலுவலகங்கள் கண்டும் காணாமல் நடந்துகொண்டுதான் இருந்தன. 1980லும் 1981லும் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த சட்டக் கருத்துகளுக்குப் பிறகுதான் கதவை மூடும் பழக்கம் வந்தது. இந்தியாவில் பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும். இங்கே ஜனாதிபதி இருப்பார், காங்கிரஸ் இருக்கும், ஊழியருக்குச் சம்பளம் மட்டும் இருக்காது. “எம்.பி.க்களுக்கும் சம்பளம் கட்டா?” என்றார் மாமா. அவர்களுக்கு வந்துகொண்டிருக்கும், அரசியல் சாசனப்படி அதை நிறுத்த முடியாது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம ஊரே தேவலாம்” என்று போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

ஷட்டவுன் என்றால் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. மழைக்கும் காற்றுக்கும் பட்ஜெட் தெரியாது என்பதால் கணவர் தினமும் வேலைக்குப் போனார். இப்படிச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டியவர்களை எக்செப்டட் என்கிறார்கள். விமானக் கட்டுப்பாட்டாளர்களும் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்காரர்களும் இந்த வகைதான். மற்றவர்கள் ஃபர்லோ, அதாவது கட்டாய விடுப்பு. அவர்கள் ஆபீஸ் வேலை எதையும் தொடக் கூடாது. கடைசியில் பேக் பே, அதாவது நின்ற நாட்களுக்குப் பின்னால் கிடைக்கும் சம்பளம், இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் பெட்ரோலும் பார்க்கிங்கும் தன் கையில் இருந்து போட்டு வேலைக்குப் போனவன் எக்செப்டட்காரன். இதைச் சொன்னால் கணவருக்குப் பிடிக்காது. அவர் ஃபர்லோவில் இருந்த நண்பர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் சொல்வேன்.

அக்டோபர் 10 வாக்கில் வந்தது முழுச் சம்பளம் இல்லை, செப்டம்பர் கடைசி நாட்களுக்கு மட்டும். 24ஆம் தேதிச் சம்பளம் பூஜ்ஜியம். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நடந்த 35 நாள் ஷட்டவுனையும் கணவர் பார்த்தவர் என்பதால் முதலில் பதறவில்லை. அந்தச் சமயத்தில் வந்த 2019 சட்டம் அரசு ஊழியருக்குப் பேக் பே உண்டு என்று எழுத்திலேயே உறுதி கொடுத்திருந்தது. அதை நம்பி இருந்தோம். அக்டோபர் முதல் வாரம் முடிந்த கையோடு, வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் வரைவுக் குறிப்பு ஒன்று செய்தியில் வந்தது. அந்தச் சட்டம் தானாகப் பணம் தந்துவிடாது, காங்கிரஸ் தனியாக ஒதுக்கினால்தான் உண்டு என்பது அதன் வாதம். அன்று ராத்திரிதான் நாங்கள் உட்கார்ந்து வீட்டுச் செலவை எழுதினோம்.

என் கதை வேறு மாதிரி. கான்ட்ராக்டருக்கு அக்டோபர் 1 அன்றே எல்லாம் நின்றுவிடாது. எங்கள் ஒப்பந்தத்துக்குப் போன நிதியாண்டின் பணம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், வேலையைத் தொடருங்கள் என்றார்கள். ஆனால் நாங்கள் செய்ததைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய அரசு அதிகாரிகள் எல்லாம் ஃபர்லோவில். சோதனைச் சர்வர் தொங்கிப் போனால் எழுப்பிவிட ஆள் கிடையாது. கட்டடத்தையும் பூட்டிவிட்டார்கள். சீக்கிரமே வேலையை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் ஒர்க் ஆர்டர் வந்தது. அது முதலில் பிரைமுக்கு வரும், அங்கிருந்து சப்புக்கு, சப்பில் இருந்து நமக்கு. டைம்ஷீட்டில் வேலை நேரத்தைக் கணக்கெழுதும் சார்ஜ் கோடை மூடிவிட்டார்கள். சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொள், தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு என்றது கம்பெனி. டிசம்பரில் ஊருக்குப் போக வைத்திருந்த விடுப்பு அது. போனது போனதுதான்.

இந்தக் கட்டத்தில் கான்ட்ராக்டர்கள் கவனிக்க வேண்டியது, வேலையின்மை உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பிப்பது. நாளைக்கே திறந்துவிடும், இதற்காகவா போய் நிற்பது என்று கூச்சப்பட்டுக் காத்திருந்தவர்கள் வாரங்களை இழந்தார்கள். கம்பெனி வர்ஜீனியாவில் இருந்தாலும் நான் வேலை செய்த கட்டடம் மேரிலாந்தில் இருந்ததால் மேரிலாந்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அங்கே வாரத்துக்கு அதிகபட்சம் 430 டாலர். வாஷிங்டன் நகரத்துக்குள் வேலை என்றால் 444. விடுப்புச் சம்பளம் வந்த வாரத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வதும் முக்கியம். அதில் ‘வேலை இல்லாததால் தற்காலிக நிறுத்தம்’ என்று இருக்க வேண்டும். நாமாக விடுப்பு கேட்டது போல இருந்தால் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். எனக்கு முதலில் வந்த கடிதம் அப்படித்தான் இருந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினேன்.

ஃபர்லோவில் இருந்த அரசு ஊழியருக்கும் இந்த உதவித்தொகை கிடைத்தது. ஆனால் பேக் பே வந்ததும் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். எக்செப்டட்காரர்களுக்கு அதுவும் இல்லை. முழு நேரம் வேலை பார்க்கிறவனை வேலை இல்லாதவன் என்று எப்படிச் சொல்வது? இந்த ஓட்டையை மூடத்தான் மேரிலாந்து அரசு எக்செப்டட் ஊழியர்களுக்கு 700 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. 700 டாலரில் வீட்டுக் கடன் தவணையில் கால்வாசிகூட அடையாது என்றாலும் மளிகைக்கு உதவியது. உண்மையில் எங்களைத் தூக்கி நிறுத்தியது, கூட்டுறவு வங்கி மாதிரியான கிரெடிட் யூனியன்தான். கணவரின் சம்பளம் ஏற்கனவே அங்கே நேரடியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததால், நின்றுபோன சம்பளத்துக்கு ஈடாக வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். நானும் அங்கே உறுப்பினர்தான். கான்ட்ராக்டர் என்றதும் அந்தத் திட்டம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. திரும்பி வரப்போகிற சம்பளத்தை நம்பித்தான் கடன், எனக்குத் திரும்பி வரப்போவது எதுவும் இல்லையே.

வீட்டுக் கடன் கம்பெனியைத் தவணை தவறுவதற்கு முன்பே கூப்பிட்டோம். மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் துருவிக் கேட்டதில், நிறுத்தி வைத்த மூன்று தவணையையும் நான்காவது மாதம் மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். கடனின் கடைசியில் சேர்க்க முடியுமா, கிரெடிட் ரிப்போர்ட்டில் எப்படிப் பதிவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் முடிவெடுத்தோம். ஒரு தவணையை மட்டும் தள்ளிப்போட்டோம். கணவர் கவலைப்பட்டது வட்டிக்காக இல்லை. அரசு ரகசியங்களைக் கையாளும் பாதுகாப்பு அனுமதி வைத்திருப்பவர் கடன் பாக்கி வைத்தால் அதுவே விசாரணைக்கு வரும். சம்பளத்தை நிறுத்துவதும் அரசு, ஏன் கடன் கட்டவில்லை என்று கேட்பதும் அரசு.

கடன்காரர்களுக்கு எழுத மாதிரிக் கடிதங்களை அரசின் பணியாளர் அலுவலகமே வெளியிடுவது வழக்கம். 2018 டிசம்பரில் வந்த கடிதங்களில் ஒன்று, வாடகைக்குப் பதிலாகப் பெயின்ட் அடித்தும் தச்சு வேலை பார்த்தும் தருகிறேன் என்று வீட்டுக்காரருக்கு எழுதச் சொன்னது. பழைய கடிதம் தவறிப்போய் ஏறிவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். கணவர் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

குழந்தையின் டேகேர் தனித் தலைவலி. நான் வீட்டில் சும்மா இருக்கும்போது எதற்குப் பணம் கட்ட வேண்டும்? ஆனால் நிறுத்தினால் இடம் போய்விடும், மறுபடி காத்திருப்புப் பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும். கேட்டுப் பார்த்ததில், பாதிக் கட்டணத்துக்கு இடத்தைப் பிடித்து வைத்தார்கள். மருத்துவக் காப்பீடு மட்டும் எங்களைப் பயமுறுத்தவில்லை. குடும்பம் முழுக்கக் கணவரின் காப்பீட்டில் இருந்தது. அரசு ஊழியருக்குச் சம்பளம் நின்றாலும் காப்பீடு நிற்காது, நம் பங்கைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். இருவருமே கான்ட்ராக்டராக இருந்த நண்பர்கள் வீட்டில் நிலைமை இப்படி இல்லை.

ஹெச்1பி விசாவில் இருக்கும் தம்பி ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். அவன் கம்பெனியும் சம்பளமில்லா விடுப்பு என்றது. வேலை இல்லை என்ற காரணத்துக்காக ஹெச்1பி ஊழியரைச் சம்பளம் இல்லாமல் உட்கார வைப்பது சட்டப்படி செல்லாது. இது அவனுக்குத் தெரிந்திருந்தும் எதிர்த்துக் கேட்கப் பயந்தான். சரி, வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதற்குத் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். அந்தப் பிரிவும் ஷட்டவுனில் மூடிக்கிடந்தது, அக்டோபர் கடைசியில்தான் திறந்தது. ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு அவன் அனுப்பிய மரியாதையான ஒரு மின்னஞ்சலுக்குப் பிறகு கம்பெனி சம்பளம் போட்டது.

தீபாவளி அக்டோபர் 20. புதுத்துணி வாங்கவில்லை, குழந்தைக்கு மட்டும் ஒரு பாவாடை. முறுக்கு வீட்டிலேயே சுட்டேன், கொண்டுபோய்க் கொடுக்க ஆபீஸ் இல்லாததால் நிறைய மிஞ்சியது. எங்கள் ஆபீஸ் தளத்தைச் சுத்தம் செய்யும் எல் சால்வடார் அம்மாவுக்கு ஒரு டப்பா கொடுக்கப் போனேன். அவரும் கான்ட்ராக்டர் ஆள்தான், மணிக்கூலி. உணவு வங்கி வரிசையில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவர் போன்ற குறைந்த கூலிக்காரர்களுக்காவது பேக் பே தர வேண்டும் என்ற மசோதா 2019இல் இருந்தே காங்கிரஸில் வருகிறது, நிறைவேறுவதில்லை. செய்யாத வேலைக்கு எப்படிக் கூலி என்று கேட்பார்கள். ஃபர்லோவில் இருந்த அரசு ஊழியரும் அந்த நாட்களில் வேலை செய்யவில்லைதான், செய்யவிடவில்லை. அதே கட்டடம், அதே பூட்டு, ஒருவருக்கு முழுச் சம்பளம், இன்னொருவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு நியாயமான விளக்கம் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 12 இரவு செலவு மசோதாவில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அரசு ஊழியருக்குப் பேக் பே உண்டு என்று அந்த மசோதாவிலேயே எழுதியிருந்ததால் வரைவுக் குறிப்பின் பயம் போனது. கணவருக்கு அதற்கடுத்த வாரமே மொத்தமாக வந்தது. காப்பீட்டுப் பாக்கி, ஓய்வூதியச் சேமிப்பு, வரி எல்லாம் பிடித்தது போகக் கிரெடிட் யூனியன் கடனை அடைத்தோம். எனக்கு மறுநாளே வேலை வந்துவிடவில்லை. வேலையைத் தொடங்கலாம் என்ற உத்தரவை ஒப்பந்த அதிகாரி ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாகத் தர வேண்டும், அவர் மேஜையில் ஆறு வாரக் குவியல். சார்ஜ் கோடு திறக்க மேலும் சில நாட்கள் ஆயின. முதல் சம்பளம் டிசம்பரில்தான் வந்தது.

வேலையின்மை உதவித்தொகைக்கும் மத்திய வருமான வரி உண்டு. விண்ணப்பிக்கும்போதே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் வாங்கிய உதவித்தொகையைக் காட்டும் 1099-ஜி வரிப் படிவம் வரும்போது கணக்குப் போட வேண்டியிருக்கும். நவம்பரில் போட்ட மசோதா பல துறைகளுக்கு ஜனவரி 30 வரைக்கும்தான் பணம் கொடுத்தது. என் துறையும் அதில் ஒன்று. அதனால் டிசம்பரில் சம்பளம் வந்ததும் ஊர் டிக்கெட்டைத் தேடாமல் விடுப்பைச் சேர்க்க ஆரம்பித்தேன்.