விழுந்தால் சொல்லும் கருவி: அப்பாவுக்காக நாங்கள் கடந்து வந்த வழி

தனியாக வசிக்கும் அப்பாவுக்கு, விழுந்தால் தானாகத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றைத் தேடி, அதை அவர் அணியச் சம்மதித்து, அது உண்மையிலேயே உதவும் நிலைக்கு வர மாதங்கள் ஆயின. எந்தக் கருவி என்று முடிவு செய்தது அதில் மிகச் சிறிய பகுதிதான். இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்தபோது விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழ முடியாமல் விடியும்வரை தரையிலேயே கிடந்தார். கைபேசி கட்டிலருகே இருந்தது, அவர் கிடந்தது கதவோரம். மருத்துவமனையில் எங்களை உலுக்கியது, விழுந்ததைப் பற்றி அவர்கள் சொன்னதைவிடக் கிடந்ததைப் பற்றிச் சொன்னதுதான். நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் உடலின் பாரம் அழுத்தும் தசை சிதையத் தொடங்கும். சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலப்பவை சிறுநீரகத்தைத் தாக்கும். நீர்ச்சத்து வற்றும், தோல் புண்ணாகும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி.

கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தானைத்தான் முதலில் யோசித்தோம். அப்பா ஒரே கேள்வியில் அதை ஒதுக்கினார்: "பொத்தானைத் தேடி அழுத்தும் தெளிவு அப்போது எனக்கு இருக்கும் என்று யார் சொன்னது?" அவர் கேட்டது நியாயம். தொண்ணூறைக் கடந்தவர்களைப் பற்றி 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, தனியாக விழுந்து எழ முடியாமல் போனவர்களில் பெரும்பாலோர், கையெட்டும் தூரத்தில் அழைப்பு வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்று கண்டது. ஆகவே தானாகக் கண்டறியும் கருவிதான் வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அது எப்படிக் கண்டறிகிறது என்று புரிந்துகொண்டது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. உள்ளே, அசைவின் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி ஒன்று இருக்கிறது. நாம் அசையாமல் நிற்கும்போது அது புவியீர்ப்பின் அளவான 1 ஜி-யைக் காட்டும். தடுப்பின்றி விழும் அந்த நொடிப்பொழுதில் அளவு பூஜ்யத்தை நோக்கி இறங்கும், தரையில் மோதியதும் பல மடங்கு எகிறும், பிறகு அசைவின்மை. இறக்கம், மோதல், அமைதி என்ற இந்த வரிசையைத்தான் கருவி தேடுகிறது. உடல் எந்தப் பக்கம் சுழன்றது என்பதை ஜைரோஸ்கோப் சொல்லும். சில கருவிகளில் காற்றழுத்த உணரியும் உண்டு. ஒரு மீட்டர் கீழே வந்தால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் கூடுகிறது. கதவை வேகமாகச் சாத்தினாலே அந்த அளவு மாறக்கூடும் என்பதால், அது துணைச் சாட்சி மட்டுமே.

இதைத் தெரிந்துகொண்டால் கருவியின் வரம்பும் தெரிந்துவிடும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் வேகமான இறக்கமும் இல்லை, பலத்த மோதலும் இல்லை. கருவி பேசாமல் இருக்கக்கூடும். வயதானவர்கள் பலர் அப்படித்தான் விழுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கண்டறியும் முறைகள் பலவும் இளைஞர்களை மெத்தையில் வேண்டுமென்றே விழச் சொல்லிப் பதிவு செய்த தரவுகளைக் கொண்டு உருவானவை. 2012இல் முதியவர்களின் உண்மையான விழுகைகளை வைத்துப் பல முறைகளைச் சோதித்தபோது, ஆய்வகத்தில் காட்டிய திறமை அவற்றில் வெகுவாகக் குறைந்தது. எனவே விளம்பரத்தில் வரும் சதவீதங்களை நாங்கள் பொருட்படுத்தவில்லை. வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த எண் யாரை வைத்து அளந்தது என்பதுதான்.

உடலின் நிறைமையம் அருகே இருப்பதால் இடுப்பில் அணியும் உணரி மணிக்கட்டில் இருப்பதைவிட நம்பகமானது. கையோ ஓயாமல் அசைவது. மேசையைத் தட்டினாலும் தவறான எச்சரிக்கை எழலாம். இருந்தும் நாங்கள் கைக்கடிகாரத்தையே தேர்ந்தெடுத்தோம், ஏனென்றால் அப்பா அதைத்தான் கழற்றாமல் அணிவார். "இடுப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிய நான் என்ன நோயாளியா?" என்றார். அலமாரியில் கிடக்கும் மிகத் துல்லியமான கருவியால் யாருக்கு என்ன பயன்?

பிறகு நாங்கள் பார்த்தவை: கைபேசி அருகில் இல்லாதபோதும் தானே அழைக்கும் சிம் வசதி, குளிக்கும்போது கழற்றத் தேவையில்லாத நீர்க்காப்பு, இரவு முழுவதும் தாங்கும் பேட்டரி. சார்ஜ் செய்யும் நேரத்தை மாலையில் அவர் நாற்காலியில் அமர்ந்து செய்தி பார்க்கும் வேளைக்கு மாற்றினோம். இரவில் சார்ஜரில் போட்டால், அவருக்கு மிக ஆபத்தான பொழுதில் கை வெறுமையாக இருக்கும். அமைப்புகளில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆப்பிள் வாட்ச்சில் 2018இல் வந்த இந்த வசதி, 55 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் தானே இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 'உடற்பயிற்சியின்போது மட்டும்' என்ற தேர்வும் அதில் உண்டு. அதில் நின்றுவிட்டால் இரவில் அது கைகொடுக்காது.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, எச்சரிக்கை வந்தபின் யார் போவது என்பது. அவசரத் தொடர்புப் பட்டியலில் நானும் தங்கையும் மட்டும் இருந்தால் போதாது, நாங்கள் இருவரும் தொலைவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினோம். அவர் மனமுவந்து சாவியை வாங்கிக்கொண்டார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி எதற்கு என்று கேட்டவரும் அவரே. தாழ்ப்பாளை அகற்றிவிட்டு வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டுப் போட்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் விழுந்த பிறகு. விழப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? இயன்முறை மருத்துவர் அப்பாவை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 வினாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அப்பா அதைத் தாண்டினார். அடுத்து இடுப்பின் பின்புறம் சிறிய உணரி ஒன்றைக் கட்டி நடக்கவைத்தார். நேரம் மட்டும் சொல்லாத பலவற்றை அது சொன்னது. ஒவ்வோர் அடிக்கும் ஆகும் நேரம் சீராக இல்லை. திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்பாமல் பல சிறு அடிகள் வைக்கிறார். அடிகளுக்கு இடையே நேரம் ஏறி இறங்குவது விழும் அபாயத்தின் முக்கியமான அறிகுறி என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். வேகத்தைத்தான் நாங்கள் கவனித்திருந்தோம். அப்பா மெதுவாக நடக்கிறார், அதனால் பத்திரமாக இருக்கிறார் என்றே எண்ணியிருந்தோம். ஐபோனிலும் 2021 முதல் நடையின் உறுதியை மூன்று நிலைகளாகக் காட்டும் வசதி இருக்கிறது. கைபேசியை இடுப்பருகே பையில் வைத்து நடந்தால்தான் அது கணக்கிடும்.

ஆனால் அளவு தானாக யாரையும் காப்பாற்றாது. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனதுதான் திருப்பம். அவர் அப்பாவைப் படுக்கவைத்தும், நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 20 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. இரவில் எழுந்ததும் தலை சுற்றியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மருந்தின் அளவும் வேளையும் மாறின. கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சிகள் தொடங்கின. அப்பா தன் அடிநேர வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார், முன்னேற்றம் தெரியும் நாட்களில் எங்களை அழைத்துச் சொல்கிறார். அணிய மறுத்தவரை மாற்றியது இந்த வரைபடம்தான் என்று நம்புகிறேன். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் போய், தன் நடை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் வந்திருக்கிறது.

விழத் தொடங்கியதுமே விரிந்து இடுப்பெலும்பைக் காக்கும் காற்றுப்பை பெல்ட்டையும் விசாரித்தோம். நின்ற நிலையிலிருந்து தரையைத் தொட ஒரு வினாடிகூட ஆகாது. அதற்குள் கணித்து விரிவது வியக்கத்தக்க தொழில்நுட்பம்தான். இரவில் அதைக் கட்டிக்கொண்டு தூங்க அவரால் முடியாது என்பதால் விட்டுவிட்டோம்.

மெல்லச் சரியும் விழுகைக்கு மட்டும் கடிகாரத்தை நம்பவில்லை. கழிப்பறையிலும் கட்டிலருகேயும், தரையில் கிடந்தபடியே எட்டும் உயரத்தில் இழுகயிற்று அழைப்பு மணி பொருத்தியிருக்கிறோம். அதன் ஒலி பக்கத்து வீட்டில் கேட்கும். மாதம் ஒரு முறை அப்பா தானே இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறார்.