இடது கை இறங்கியே இருக்கிறது

ஜனவரி 4

வீடியோ வந்தது. குத்துச்சண்டைப் பயிற்சி, மூன்று ரவுண்டு ஸ்பாரிங். சின்னவளின் இடது கை மறுபடியும் இடுப்பில்.

ஜனவரி 5

தூக்கம் வரவில்லை. எந்தப் பக்கம் படுத்தாலும் தோள் இழுக்கிறது. சரி என்று எழுந்து உட்கார்ந்து ராய் ஜோன்ஸ், ஜேம்ஸ் டோனி சண்டையைப் போட்டேன். 1994 நவம்பர். இரண்டு பேரும் அதுவரை தோற்றதில்லை.

டோனி அந்தக் காலத்து ஆட்களைப் போலச் சண்டை போடுவார். முன்தோளை உயர்த்தி, தாடையை அதற்குள் புதைத்து, வருகிற குத்தைத் தோளில் வாங்கி, அதே மூச்சில் வலது கையால் திருப்பிக் கொடுப்பார். ஜோன்ஸ் அதற்கு நேர்மாறு. ஜாப், அதாவது முன்கை நேர்க்குத்து, போட்டு வழி பார்ப்பதெல்லாம் இல்லை, பக்கவாட்டில் வளைந்து வரும் லெஃப்ட் ஹூக்கோடு பாய்ந்துதான் ஆரம்பிப்பார். எந்த மாஸ்டரும் அதைச் சொல்லித் தரமாட்டார்.

மூன்றாவது ரவுண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஜோன்ஸ் கைகளைத் தொங்கவிட்டு வம்புக்கு இழுக்கிறார். டோனியும் பதிலுக்குக் கையை இறக்கிக் காட்டுகிறார். அந்த நொடியில் ஹூக் பாய்கிறது. டோனி தடுமாறி மூலையில் போய் விழ, நடுவர் எண்ண ஆரம்பிக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டும் 'எல்லாம் உடம்பு கொடுத்த வேகம்' என்கிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. டோனி கையை இறக்கும்வரை காத்திருந்து அடித்த அடி அது. எதிராளியை இறக்கவைக்கவும் தெரிந்திருக்கிறது. அது எந்தப் பாடத்திலும் இல்லை என்பதற்காக வித்தை இல்லை என்று ஆகிவிடுமா?

ஜனவரி 7

மாஸ்டர் போன் பண்ணினார். "கையைத் தூக்கச் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கேப்பா." அப்புறம் வழக்கம்போல, "உடம்பு குடுத்ததை உடம்பே ஒருநாள் எடுத்துக்கும். உன் ஜோன்ஸுக்கு 2004ல என்ன ஆச்சு?"

போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை.

ஜனவரி 8

என்ன ஆச்சு என்று எனக்கும் தெரியும். 2003 மார்ச் 1: ஒரு காலத்தில் மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தவர் ஹெவிவெயிட்டில் ஜான் ரூயிஸை ஜெயிக்கிறார். 193 பவுண்டு ஆள், 226 பவுண்டு ஆளை. மிடில்வெயிட்டில் சாம்பியனாக இருந்து ஹெவிவெயிட் பட்டத்தையும் எடுத்தவர், 1897-ல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்குப் பிறகு இவர்தான். அப்புறம் உடனே எடையைக் குறைத்து, அதே வருஷம் நவம்பரில் 175 பவுண்டுக்கு இறங்கி அன்டோனியோ டார்வரோடு மோதி, மூச்சு வாங்கி ஜெயிக்கிறார். 2004 மே மாதம் மறுபடியும் டார்வர். இரண்டாவது ரவுண்டு, ஒரே இடது கை, எல்லாம் முடிந்தது. செப்டம்பரில் க்ளென் ஜான்சன், ஒன்பதாவது ரவுண்டில் நாக்அவுட். வயது 35.

இந்த இரண்டு இரவுகளை வைத்துத்தான் எல்லோரும் தீர்ப்பு எழுதுகிறார்கள். அடிப்படை இல்லாதவன், வேகம் போனதும் வெளுத்துவிட்டது என்று. வேகம் போன பிறகு அவர் சாதாரணமாகிவிட்டார், உண்மைதான். ஆனால் அது அவர் எதனால் ஆனவர் என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு பெரியவர் என்பதற்கு 1994-ல் டோனி முன்னால் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். உச்சத்தில் இருந்தவனை உச்சத்தில் வைத்துத்தான் அளக்கணும்.

இன்னொன்று. ஜான்சன் சண்டையில் கை இறங்கி இருந்ததைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கால்களைப் பார்த்தேன். கயிற்றில் சாய்ந்து நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். பத்து வருஷம் முன்னால் அடித்துவிட்டு அங்கிருந்து காணாமல் போன கால்கள் அவை. கை எப்போதும் கீழேதான் இருந்தது, ஜெயித்தபோதும்.

ஜனவரி 9

ஃபிசியோவில் கை தோள் உயரம்கூட வரவில்லை. பேச விருப்பமில்லை.

ஜனவரி 11

ஹாப்கின்ஸ் பெயரைச் சொன்னால் மாஸ்டர் முகம் மலரும். 1993-ல் ஜோன்ஸிடம் தோற்ற அதே பெர்னார்ட் ஹாப்கின்ஸ். 2011-ல் மான்ட்ரியலில் ஜான் பாஸ்கலை வென்று உலகப் பட்டம் வாங்கும்போது வயது 46. ஜார்ஜ் ஃபோர்மன் 45-ல் செய்ததைத் தாண்டிவிட்டார். 2010-ல் ஜோன்ஸோடு மறுபடியும் மோதி, அதிலும் ஜெயித்துவிட்டார்.

ஹாப்கின்ஸ் அபாரமான ஆள், மறுக்கவில்லை. எதிராளியின் கையைக் கட்டிப் பிடித்து, தலையை நெஞ்சில் முட்டி, அவனுக்குப் பிடித்த தூரத்தை ஒருமுறைகூடக் கொடுக்காமல் பன்னிரண்டு ரவுண்டும் சண்டையை அவித்துவிடுவார். ஆனால் 46 வயதில் பன்னிரண்டு ரவுண்டு தாங்குகிற உடம்பும் பிறவியில் வந்த வரம்தானே? வேகமாக அடிக்கிற உடம்பை 'இயற்கை' என்கிறோம், தேயாமல் நிற்கிற உடம்பை 'ஒழுக்கம்' என்கிறோம். இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த ஹாப்கின்ஸையும் 2016-ல் ஜோ ஸ்மித் ரிங்கை விட்டே வெளியே அடித்துத் தள்ளினார். 51 வயதில் நுட்பமும்தான் கைவிட்டது.

ஜனவரி 12

வீடியோ இல்லை. ஏன் என்று கேட்கவும் மனசில்லை.

ஜனவரி 13

போட்டியில் யாரோடு யார் என்ற டிரா வந்துவிட்டது. முதல் சுற்றிலேயே இடது கைக்காரி. சின்னவளைவிட நல்ல உயரம்.

இரவு முழுக்க டார்வரின் அந்த இடது கைதான் கண்ணில்.

ஜனவரி 14

பாக்கியாவோ, மார்க்கேஸ். 2004-ல் முதல் சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்க்கேஸ் மூன்று முறை விழுகிறார். பாக்கியாவோவும் இடது கைக்காரர், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத இடது நேர்க்குத்து. மூக்கெல்லாம் ரத்தம். வேறு யாராக இருந்தாலும் அடுத்த ரவுண்டில் முடிந்திருக்கும். மார்க்கேஸ் எழுந்து, அந்தக் குத்து புறப்படும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணித்து, பன்னிரண்டு ரவுண்டு முடியும்போது சண்டை டிரா. அடுத்த இரண்டு சண்டையிலும் நூலிழையில் தோல்வி. 2012 டிசம்பர் 8, நான்காவது சண்டை, ஆறாவது ரவுண்டு முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியாவோ உள்ளே காலெடுத்து வைக்கிறார், வலது கை நேரே முகத்தில். முகம் குப்புற விழுந்தவர் அசையவில்லை.

மாஸ்டர் சொல்வது சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் மார்க்கேஸுக்கு அந்தப் பாடம் படிக்க எட்டு வருஷம் கிடைத்தது. சின்னவளுக்கு மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். ஒன்பது நிமிஷத்தில் யாரும் யாரையும் படித்து முடிக்க முடியாது. முந்திக்கொள்கிற கைக்குத்தான் ஐந்து நீதிபதிகளும் எழுதுவார்கள். அந்தக் கையை இப்போது போய்க் கட்டிப்போடச் சொல்கிறார்!

ஜனவரி 15

லோமசென்கோவைப் பார்த்து 'பிறவிக் கால்கள்' என்று சொல்லாதவர் இல்லை. சிறுவயதில் அவர் அப்பா குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு நாட்டுப்புற நடனம் படிக்க அனுப்பினார். அந்தக் கால்கள் அங்கே செய்யப்பட்டவை. டைசனைக் காட்டு மிருகம் என்றார்கள். அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாட்டோ ஒவ்வொரு குத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து, நம்பரைச் சொன்னதும் கை போகிற அளவுக்குப் பழக்கியிருந்தார். தலை இரண்டு பக்கமும் ஆடி ஆடி உள்ளே போகிற அந்த அசைவு, ஒரு நாளில் இத்தனை என்று செய்து செய்து வந்தது. 1988-ல் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிய பிறகு அந்த ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது, 1990-ல் டோக்கியோவில் டக்ளஸின் ஜாபை நேராக முகத்தில் வாங்கித் தோற்றார். வயது 23. உடம்பு எங்கே போனது? அங்கேதான் இருந்தது.

ஆக, பார்க்கிறவர்கள் எதைப் பிறவி என்கிறார்கள், எதைப் பயிற்சி என்கிறார்கள் என்பதை நம்பி ஒருவனுக்கு இடம் ஒதுக்க முடியாது.

ஜனவரி 16

வலி. மாத்திரை போட்டும் குறையவில்லை. இந்தத் தோளோடு ரிங்கின் ஓரத்தில்கூட நிற்க முடியாது என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 17

வீடியோ வந்தது! ஒரு இடது கைப் பையனோடு விட்டிருக்கிறார் மாஸ்டர். கையைத் தூக்கிவைத்துச் சண்டை போடுகிறாள். பார்க்கவே முடியவில்லை. கார்டுக்கு, அதாவது முகத்தை மறைக்கத் தூக்கிய கைகளுக்கு, பின்னால் ஒளிந்துகொண்டதும் அவளுக்குக் கண்ணே போய்விட்டது. அவன் ஜாப் ஒவ்வொன்றும் க்ளவுஸில் பட, அவள் எதுவும் திருப்பி அனுப்பவில்லை. கடைசி ரவுண்டில் மறந்துபோய்க் கை இறங்கியது. உடனே முன்கால் அவன் முன்காலுக்கு வெளியே போனது, வலது நேர்க்குத்து போனது, அவன் தலை பின்னால் போனது. அந்தக் காலை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் அடித்துவிட்டு அங்கேயே நின்றாள். அதுதான் பயம். ஜோன்ஸ் கயிற்றில் நின்ற மாதிரி.

ஜனவரி 18

போன் பண்ணினாள். "அக்கா, கையை என்ன பண்ணட்டும்?"

"கையை விடு. அடிச்சதும் கால் எங்க போகுது? அதைச் சொல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இடது பக்கம்?"

"ஆமா. அவளோட இடது கையை விட்டு விலகி. ஒவ்வொரு தடவையும்."

ஜனவரி 19

அலியும் பின்னால் சாய்ந்துதான் தப்பித்தார். எல்லோரும் தப்பு என்றார்கள். 1971-ல் ஃப்ரேஸியரின் ஹூக் 15-வது ரவுண்டில் படுக்கவைத்தது. மூன்று வருஷம் கழித்து கின்ஷாசாவில் அதே சாய்வைக் கயிற்றில் வைத்து ஃபோர்மனைக் களைக்கவைத்து எட்டாவது ரவுண்டில் முடித்தார். கால் போன பிறகு வேறு வழி கண்டுபிடித்தவர். ஜோன்ஸுக்கு அது கிடைக்கவில்லை. அலி ஒரு படி மேலே என்றால் அதற்குக் காரணம் இதுதான், கார்டு அல்ல.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றார்.

ஜனவரி 20

எடை பார்த்தாச்சாம், சரியாக இருக்கிறதாம். சிவப்பு மூலை.

மாஸ்டரோடு அரை மணி நேரம் பேசினேன். முதல் ரவுண்டில் கையைப் பற்றி யாரும் கத்தக் கூடாது. அடித்துவிட்டு நின்றால் மட்டும் 'இடது' என்று ஒரே குரல், அதுவும் அவர் குரல் மட்டும். ஒத்துக்கொண்டார். இரண்டாவது ரவுண்டிலிருந்து அவர் இஷ்டம் என்கிறார். அதைப் பற்றிக் காலையில் இன்னொரு முறை பேசணும்.