வளவு அறைப் பூட்டுக்கு ஒரு முறுக்கு ஸ்பிரிங்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் முழுப் பூட்டு கிடைத்தது; உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைத் தனியாகக் கேட்டால் சிரித்தார்கள். கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டு வளவு (உள்முற்றம்) அறைக் கதவில், கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் முறுக்கு ஸ்பிரிங்கின் ஒரு கால், அதாவது சுருளிலிருந்து நீளும் கம்பி முனை, ஒடிந்துவிட்டது. "பூட்டை மட்டும் மாற்றச் சொல்லாதே தம்பி, அது ஐயா வாங்கிப் போட்டது" என்று ஆச்சி சொல்லிவிட்டார். செய்து தருவதாக ஒப்புக்கொண்ட பட்டறைக்கு வரைபடம் வேண்டுமாம். முப்பரிமாண வரைபட மென்பொருளான ஃப்ரீகேட் இலவசம் என்பதால் அதிலேயே உட்கார்ந்தேன்.

வெர்னியரில் கம்பி 1.5 மி.மீ., சுருளின் வெளிவிட்டம் 13.5. ஆகவே கம்பியின் நடுக்கோட்டு விட்டம் 12; மென்பொருள் கேட்கும் ஆரம் 6. சுருள் இடப்புரி. சாதாரண மரையாணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரிவு எதிர்த்திசையில் ஓடுவது தெரியும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது: முறுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும்போது சுருள் இறுக வேண்டும், விரியக் கூடாது. மென்பொருளின் ஹெலிக்ஸ் (சுருள்கோடு) இயல்பாக வலப்புரியாக வருவதால் மாற்றிவிட்டேன்.

அசலில் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியே புரியிடைவெளியை, அதாவது ஒரு சுற்றின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த சுற்றின் நடுக்கோடு வரையுள்ள தூரத்தை, 1.5 என்று கொடுத்தால் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, திண்ம உருவம் கெட்டுவிடும். 1.6 கொடுத்தேன். சுற்றுகள் 6.25, உயரம் சரியாக 10. அந்தக் கடைசிப் பின்னம்தான் கால்களின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. முழுச் சுற்றோடு நிறுத்தினால் கால்கள் எதிரெதிர்த் திசையில் நீளும், 6.25 என்றால் 90 டிகிரி, 6.5 என்றால் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும்.

சுருள் எளிது. கால் பிரியும் இடம்தான் பாடாய்ப் படுத்தியது. சுருளையும் நேர்க்கோட்டையும் ஒரே பாதையாக்கி ஸ்வீப் செய்யலாம் (கம்பியின் வட்டத்தைப் பாதை நெடுக இழுத்து உருவமாக்கலாம்) என்றால், சுருளுக்கு ஃப்ரெனெட் தேர்வு, அதாவது பாதையின் வளைவைப் பார்த்து வட்டத்தைத் திருப்பும் முறை, வேண்டும். நேர்க்கோட்டில் வளைவே இல்லாததால் ஃப்ரெனெட்டுக்குப் பிடிமானம் இல்லை. எனவே சுருளைத் தனியாக ஸ்வீப் செய்துவிட்டு, அதன் முனை வட்டங்களிலிருந்து கால்களை நீட்டி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன்.

அங்கேயும் ஒரு நுணுக்கம். இந்த அளவுகளில் சுருளின் சரிவு ஏறக்குறைய 2.4 டிகிரி. கம்பியின் வட்டத்தை அந்தச் சரிவுக்குச் செங்குத்தாக வரைந்தால் கால் வழுக்கிக்கொண்டு அழகாகப் பிரியும். ஆனால் 30 மி.மீ. நீளத்தில் 1.3 மி.மீ. மேலேறி, பூட்டின் மூடியில் உரசும். வட்டத்தை ஆரம்பத் தளத்திலேயே நேராக நிறுத்தினேன். கால் கிடையாக வந்தது. இணைப்பில் மெல்லிய முறிவு உண்டு, கண்ணுக்குப் பிடிபடாது. உண்மைக் கம்பியிலும் அந்த இடத்தைக் கையால் சற்றுத் தட்டித்தான் படிய வைத்திருந்தார்கள்.

60 டிகிரி முறுக்கினால் 12 மி.மீ. விட்டம் 11.7 ஆகச் சுருங்கும், உட்பக்கம் 10.2. சுருளுக்குள் நிற்கும் நடு ஊசி 9.5 என்பதால் பிடிக்காது. இந்த வகை ஸ்பிரிங்கில் கம்பி முறுக்கப்படுவதில்லை, வளைக்கப்படுகிறது. கூர்மையாக மடித்த இடத்தில்தான் பழையது ஒடிந்திருந்தது. நான் கால்முனைக் கொக்கியின் உள்வளைவு ஆரத்தை 3 மி.மீ. ஆக்கினேன்.

பட்டறைக்கு அனுப்பிய தாளில் கம்பித் தடிமன், உள்விட்டம், சுற்றுகள், இடப்புரி, கால்களின் நீளம், தளர்ந்த நிலைக் கோணம் ஆகியவற்றோடு, சுற்றுகள் ஒட்டியே இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். படத்தில் தெரியும் 0.1 மி.மீ. இடைவெளி மென்பொருளுக்காக வைத்தது.